மக்குக் குழி முதலில், புழு அப்புறம்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 120 பிள்ளைகள். பள்ளித் தோட்டத்துக்காக, ஊர்க்காரர்கள் உதவியோடு 10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, தகரக் கூரை போட்டோம். ஜூன் கடைசியில் 2 கிலோ மண்புழு வாங்கி விட்டோம். சத்துணவில் மிஞ்சும் சாம்பார் சாதம், காய்கறித் தோல், முட்டை ஓடு என்று தினமும் 8 கிலோ வரை கொட்டினோம். முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டாவது வாரம் அழுகின முட்டை மாதிரி நாற்றம். புழுக்கள் சுவரில் ஏறின. மூன்றாவது வாரம் பெரும்பாலும் செத்துவிட்டன. இப்போது ஈ மொய்க்கிறது. கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. தொட்டியை இடித்துவிடச் சொல்கிறார் வார்டு உறுப்பினர். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “டீச்சர், நாமதான் கொன்னுட்டோமா?” என்று கேட்கிறான். எங்கே தப்பு செய்தோம்? திரும்ப ஆரம்பிக்கலாமா? அடுத்த மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? ஊர் வீடுகளின் குப்பையையும் இதில் சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

தொட்டியை இடிக்க வேண்டாம். வார்டு உறுப்பினரிடம் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். நாற்றம் அதற்குள் நின்றுவிடும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் தப்பு முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2 கிலோ புழு என்றால் தோராயமாக இரண்டாயிரம் புழு. எல்லாம் சரியாக அமைந்தால், ஒரு புழு நாளொன்றுக்குத் தன் எடையில் பாதி தின்னும். அதாவது உங்கள் புழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 1 கிலோ. புது இடத்துக்கு வந்த முதல் மாதத்தில் அதிலும் பாதிதான். நீங்கள் தினமும் 8 கிலோ போட்டிருக்கிறீர்கள். அரைக் கிலோ தின்னப்பட, மீதி ஏழரைக் கிலோ அப்படியே கிடந்திருக்கிறது. கிடந்தது சும்மா இருக்காது. சோறு புளிக்கும், புளிக்கும்போது சூடாகும். சோற்றுக் குழைவு அடியில் இறங்கி ஜல்லியை அடைத்துக்கொள்ளும், வடிகால் துளை மூடிக்கொள்ளும், அடியில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் காற்று இருக்காது. காற்றில்லாமல் அழுகினால் வருவதுதான் அந்த முட்டை நாற்றம்.

மண்புழுவுக்கு மூக்கோ நுரையீரலோ கிடையாது. ஈரமான தோலால்தான் அது மூச்சு விடுகிறது. அந்தத் தோலின் மேல் சாம்பாரின் உப்பும் மிளகாயும் புளியும் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே தகரம் வேறு. வெயில் நேரத்தில் தகரத்துக்குக் கீழே அடுப்பு மாதிரி இருந்திருக்கும். 20 முதல் 30 டிகிரி வரைதான் புழுவுக்குச் சுகம். 35-ஐத் தாண்டினால் தப்பிக்க வழி தேடும். அவை சுவரில் ஏறினதுதான் முதல் எச்சரிக்கை. அன்றைக்கே உணவை நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே நின்று படுக்கை போட்டுக் கொடுத்தேன். அன்று காலையில் போட்ட பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டினேன். சாணம்தானே, புழுவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பச்சைச் சாணம் குவியலாகக் கிடந்தால் உள்ளே கொதிக்கும் என்று படித்திருந்தும், அன்று அவசரம். திங்கட்கிழமை போனபோது 3 கிலோ புழுவும் வெளுத்துக் கரைந்து கிடந்தது. வாசலில் நின்றிருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மக்குக் குழி முதலில், புழு அப்புறம்.

மண்புழு குப்பையைத் தின்பதில்லை, டீச்சர். குப்பையை நுண்ணுயிர்கள் பாதி மக்க வைத்த பிறகு, அந்தப் பாதி மக்கலைத்தான் அது தின்கிறது. அதற்குப் பல் கிடையாது. நேற்றுச் சீவின கேரட் தோலை அதனால் கடிக்க முடியாது. அதனால் பள்ளியில் இரண்டு இடம் வேண்டும். ஒன்று, குப்பை போய் விழுகிற மக்குக் குவியல். மற்றொன்று, அங்கே பாதி மக்கினதை எடுத்துப் போடுகிற புழுத் தொட்டி. குப்பை எவ்வளவு வந்தாலும் குவியல் தாங்கும், தொட்டி தாங்காது.

குவியலுக்குச் சிமென்ட் வேண்டாம். மைதானத்து மூலையில் மர நிழலில், நாலு கம்பு நட்டு, கம்பி வலையோ பழைய தென்னங்கீற்றோ சுற்றிக் கட்டி, 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு ஒரு கூண்டு செய்யுங்கள். அதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு நிற்காது. இந்த இடத்தில் சூடு நமக்கு நண்பன். நன்றாகப் போட்ட குவியலின் நடுப்பகுதி மூன்று நாலு நாளில் 55, 60 டிகிரிக்குப் போகும். களை விதை, ஈப்புழு, நோய்க் கிருமி எல்லாம் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் வெப்பம் என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பார்த்துத் தொடச் சொல்லுங்கள், நன்றாகவே சுடும்.

அளவு எளிது. ஒரு வாளி ஈரக் குப்பைக்கு மூன்று வாளி சருகு. எடையில் பார்க்க வேண்டாம், வாளிக் கணக்கு போதும். ஈரக் குப்பையில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகில் கரி (கார்பன்) அதிகம். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரி 25 முதல் 30 பங்கு வரை இருந்தால் நுண்ணுயிர்களுக்குச் சரியான சாப்பாடு. வாளிக் கணக்கு ஏறக்குறைய அங்கே கொண்டுபோய் விடும். சருகு குறைந்தால் நாற்றம், கூடினால் மக்காமல் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு முறை ஈரக் குப்பை போட்டதும் அது கண்ணில் தெரியாதபடி சருகால் மூடிவிட வேண்டும். ஈ வருவது பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். வாரம் ஒரு முறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டிப் போடுங்கள். மூன்று நாலு வாரத்தில் சூடு இறங்கி, காய்த் தோல் எது, இலை எது என்று பாதிக்குமேல் அடையாளம் தெரியாமல் போகும். அதுதான் புழுவுக்கு உரிய பதம்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் பள்ளியில் காலையில் கூட்டிய இலைகளை என்ன செய்கிறார்கள்? பெரும்பாலான பள்ளிகளில் மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பிள்ளைகளின் மூச்சுக்கும் கேடு, தோட்டத்துக்கும் நஷ்டம். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் கொட்டுகிற இலையைச் சாக்கில் கட்டி நனையாத இடத்தில் அடுக்கினால் வருஷம் முழுக்க வரும். வேப்பிலையை மட்டும் தனியாக நிறையப் போட வேண்டாம், மற்ற இலைகளோடு கலந்துவிடுங்கள். தைல மரத்து இலை வேண்டாம். பார்த்தீனியத்தைப் பிள்ளைகள் கையால் தொடவே கூடாது, அரிக்கும். வாழை மட்டையும் தண்டும் கிடைத்தால் விடாதீர்கள். நறுக்கிப் போட்டால் புழு அங்கேதான் கூடும்.

இப்போது சாம்பார் சாதம். புழுத் தொட்டிக்குள் அது போகவே கூடாது. மக்குக் குவியலில் நாளுக்கு ஒரு கிலோ வரை, நடுவில் குழி தோண்டிப் போட்டுச் சருகால் மூடினால் அடங்கும். ஆனால் 120 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஏன் அவ்வளவு மிஞ்சுகிறது? இதை உங்கள் சத்துணவு அமைப்பாளரோடும் சமையலரோடும் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, வேண்டியவர்களுக்கு இரண்டாம் முறை போட்டாலே தட்டில் மிஞ்சுவது பாதியாகக் குறைந்ததைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலும் மிஞ்சினால் நம் ஊரில் பழைய வழி இருக்கிறது, மாட்டுக்காரர் வீட்டுக் கழுநீர்த் தொட்டி. ஒரே மாட்டுக்கு எல்லாச் சோற்றையும் ஊற்றிவிடக் கூடாது. சோறு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, படுத்துவிடும். நாலைந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். அவர்களிடமிருந்து மக்கிய சாணம் பதிலுக்கு வரும்.

சாணம் வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அந்தச் சாணத்தை ஒரு மாதத்துக்கு எடுக்க வேண்டாம். வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்கிற மருந்து சாணத்தோடும் வெளியே வரும். இதை யாரும் சொல்வதில்லை, காரணம் தெரியாமல் தொட்டி தொட்டியாகச் சாகும்.

முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அம்மியில் நுணுக்கித் தூவுங்கள். புளிப்பைத் தணிக்கும். முழு ஓடாகப் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சரி, இப்போது நாற்றமடிக்கும் தொட்டியை என்ன செய்வது? முதலில் வடிகால் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, தேங்கின தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், அது வெர்மிவாஷ் (நல்ல புழுப் படுக்கையிலிருந்து வடிகிற சத்து நீர்) இல்லை, வெறும் அழுகல் நீர். உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே எடுத்து நிழலில் பரப்பி, மேலே சருகைக் கொட்டிக் கலந்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். இதைப் பெரியவர்கள் செய்யட்டும், கையுறையோடு. பரப்பினதன் மேல் நறுக்கின வாழைத்தண்டை இரண்டு மூன்று இடத்தில் வைத்து ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். மறுநாள் காலையில் தூக்கிப் பார்த்தால், பிழைத்திருக்கிற புழுக்கள் அடியில் கூடியிருக்கும். அவற்றைப் பொறுக்கி ஒரு வாளியில் மக்கிய சாணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் கிடந்த, அழுகாத பகுதியில் இரண்டு கூடை தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது. மீதியெல்லாம் மக்குக் குவியலுக்கு. நாலு நாளில் நாற்றம் குறையும், பத்து நாளில் மண்வாசனை வரும்.

வெள்ளைப் புழு விஷயத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். ஈரமான இடத்தில் பழுப்பாக, தட்டையாக, வரி வரியாக நெளிகிறதே, அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. யாருக்கும் கெடுதல் இல்லை. நீங்கள் சொல்கிற, கட்டைவிரல் பருமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. எருக்குழியில் வளர்ந்து, வண்டாகி, பறந்து போய்த் தென்னங்குருத்தைக் குடையும். அந்த மரத்தில் விரிகிற மட்டை, கத்தரியால் விசிறி மாதிரி வெட்டினது போல இருக்கும். உங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் உண்டு. பள்ளிக் குப்பையால் தோப்புக்காரர் நஷ்டப்பட்டால் ஊரே உங்கள் தோட்டத்துக்கு எதிராகத் திரும்பும், அதில் நியாயமும் இருக்கும். புரட்டும்போதெல்லாம் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். வாரம் தவறாமல் புரட்டினால் அவை தங்காது. நிறைய வந்தால் அந்தப் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்கிக் குவியலில் கலக்கலாம்.

திரும்ப ஆரம்பிக்கும்போது 10 அடித் தொட்டி முழுவதையும் நிரப்ப வேண்டாம். சிமென்ட் பூசாமல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, 3 அடியை மட்டும் தடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஜல்லி, அதன் மேல் தேங்காய் நார், அதன் மேல் அரை அடிக்கு மக்கிய சாணமும் பாதி மக்கின குவியலும் கலந்து. ஒரு கிலோ புழு போதும். இரண்டு மூன்று மாதத்தில் தானே இரட்டிப்பாகும். படுக்கை ஒன்றரை அடிக்கு மேல் உயர வேண்டாம், இந்தப் புழுக்கள் மேல்மட்டத்தில் வாழ்கிறவை. கையால் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வர வேண்டும். தாரையாக வந்தால் ஈரம் அதிகம், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். முதல் பகுதி உரமானதும், செங்கல்லுக்கு அந்தப் பக்கம் புது உணவைப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழுக்கள் இடைவெளி வழியாகத் தாமே அங்கே போய்விடும். சலித்து, பொறுக்கி, பிள்ளைகள் கையில் புழு நசுங்குகிற வேலையே இல்லை.

தோட்டத்தில் தோண்டின புழுவையே விடலாமா என்று பலர் கேட்பார்கள், உங்களிடமும் கேட்டிருப்பார்கள். வயலில் ஆழமாக வளை போட்டு மண்ணைத் தின்று வாழ்கிற புழு தொட்டியில் தங்காது. அதை நிலத்திலேயே விடுங்கள், அங்கே அது செய்கிற உழவு பெரிது. பழைய சாணக் குவியலுக்கு அடியில் ஈரத்தில் கிடக்கிற மெல்லிய, கருஞ்சிவப்பான புழு தொட்டிக்கு வரும். பெரியோனிக்ஸ் என்ற நம் நாட்டு இனம் அப்படிப்பட்டது. ஆனால் பெருமழை ராத்திரியில் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும் பழக்கம் அதற்கு உண்டு. நம் சமவெளிச் சூட்டுக்கு யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க இனம் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மே மாதம். பள்ளித் தொட்டிகள் பாதிக்கு மேல் சாவது அந்த மாதத்தில்தான். காவலாளியை நம்பியோ, சொட்டுநீர்க் குழாயை நம்பியோ விடாதீர்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உரத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். புழுக்களைப் பத்துப் பங்காக்கி, அடியில் ஓட்டை போட்ட பழைய வாளியில் மக்கிய சாணம் நிரப்பி, வீட்டில் விருப்பமுள்ள பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். திண்ணை நிழல், மேலே ஈரச் சாக்கு, இரண்டு நாளுக்கு ஒரு கை தண்ணீர், வாரம் ஒரு பிடி வாழைப்பழத் தோல். வாளியைத் தண்ணீர்த் தட்டில் நாலு கல் வைத்து அதன் மேல் வைத்தால் எறும்பு ஏறாது. ஜூனில் பத்து வாளியில் ஏழு திரும்பி வந்தாலும், ஒரு தொட்டியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ பத்திரம். வாளியைப் பாட்டியிடம் ஒப்படைத்த பிள்ளைகளின் புழுதான் அதிகம் பிழைக்கிறது என்பது என் அனுபவம்.

ஊர்க் குப்பை பற்றிக் கேட்டீர்கள். ஆறு மாதம் போகட்டும். உங்கள் குவியல் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு, பத்து வீட்டிலிருந்து காய்கறித் தோல் மட்டும் வாங்குங்கள், பிள்ளைகள் கையில் கொடுத்து விடுகிற அளவுக்கு. கலந்த குப்பையை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பிளேடு வரும், ஊசி வரும், டயாப்பர் வரும். அதைப் பிரிக்கும் வேலை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுடையது, அதுவும் தக்க கையுறையோடு. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை அதில் இறக்கக் கூடாது. கோயில் பூ நல்லது, ஆனால் சந்தைப் பூவில் பூச்சிமருந்து இருக்கும், நேராகத் தொட்டிக்குப் போடாமல் சூட்டுக் குவியலில் போட்டு எடுங்கள். நைலான் நூலையும் ஜரிகையையும் கட்டாயம் உருவிவிட வேண்டும். கறி, மீன், எலும்பு, நாய் பூனைக் கழிவு எதுவும் வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு பிள்ளையும் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது.

உரம் வந்ததும் அதிகம் எதிர்பார்த்துவிடாதீர்கள். நூறு கிலோ மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரைதான். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைப்பதில்தான் அதன் பலம். கத்தரி, வெண்டைக்குச் செடிக்கு இரண்டு கைப்பிடி, மாதம் ஒரு முறை, வேரிலிருந்து கொஞ்சம் தள்ளி.

கடைசியாக அந்தப் பையன். அவனிடம் ஆமாம் என்று சொல்லுங்கள். நாம் தெரியாமல் அளவுக்கு மேல் சாப்பாடு போட்டதால் செத்துப்போயின என்று காரணத்தோடு சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். வெயில்மேலோ புழு கொடுத்தவர்மேலோ பழியைப் போட்டால், அவன் அடுத்த முறையும் எட்டுக் கிலோவைத்தான் கொட்டுவான்.

சொல்லிவிட்டு, தனியாக எடுத்து வைக்கச் சொன்னேனே இரண்டு கூடை, அதன் பக்கம் அவனைக் கூட்டிப் போங்கள். ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பி, குச்சியால் மெல்ல விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சை விதையைவிடச் சிறிதாக, இரண்டு முனையும் கூராக, மஞ்சளோ பழுப்போ கலந்த மணிகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை புழுவின் முட்டைக்கூடுகள். பெரிய புழு சாகிற இடத்திலும் இவை பல நேரம் தாக்குப்பிடிக்கும். கிடைத்தால் மக்கிய சாணத்தில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, வகுப்பறைக்குப் பின்னால் நிழலில் வையுங்கள். உணவு எதுவும் போட வேண்டாம். இருபது, முப்பது நாளில் வெள்ளை நூல் மாதிரி குட்டிகள் நெளியும். எண்ணுகிற பொறுப்பை அந்தப் பையனிடமே கொடுங்கள். எத்தனை வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள்.